குமிழைத் திருகினால் முள் நகர்வது எப்படி?

தரையிறங்க இன்னும் ஐந்து நிமிடம். கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றழுத்தம் 1008 ஹெக்டோபாஸ்கல் என்று சொல்கிறது. உயரமானியில் இருப்பதோ 1013. நிஜ செஸ்னா 172-இல் விமானி கண்ணை ஓடுதளத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டி, உயரமானியின் சின்னக் குமிழை இரண்டு விரலால் திருகிவிடுவார். வீட்டுக் கணினியில் ஓட்டுபவர் மவுஸைத் தேடி, அம்புக்குறியைக் குமிழின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, சக்கரத்தை உருட்ட வேண்டும். அம்புக்குறி ஒரு இழை தள்ளியிருந்தால் குமிழ் சுழலாது, காட்சிதான் பெரிதாகும். அதற்குள் விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஃப்ளைட் சிமுலேட்டர் ஆட்கள் மேசைமேல் குமிழும் சுவிட்சும் முள்ளும் வைத்துப் பலகை கட்டத் தொடங்குவது இந்த எரிச்சலில்தான்.

அந்தப் பலகைக்கு விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வேகம், உயரம், எண்ணெய் அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிடுவது சிமுலேட்டர். முள் அதனிடம் எண்ணைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. குமிழ் அதனிடம் ‘இதை மாற்று’ என்று கட்டளை அனுப்புகிறது. மேசைமேல் அருகருகே இருந்தாலும் குமிழுக்கும் முள்ளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் வாசல் சிம்கனெக்ட். 2006-இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் அதை அறிமுகப்படுத்தியது. இன்றைய பதிப்புகளிலும் அதுவே தொடர்கிறது. எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டர் தன் எண்களை ‘டேட்டாரெஃப்’ என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறது. வீட்டு நெட்வொர்க் வழியாகவே கேட்டு வாங்கலாம். நிரல் எழுத வராதவர்களுக்கு மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. குமிழ்களை இணைத்த அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை யூஎஸ்பி கம்பியில் செருகி, எந்தக் குமிழுக்கு எந்தக் கட்டளை என்று பட்டியலில் தேர்ந்தெடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

உயரமானிக்கே வருவோம். அது உண்மையில் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. அழுத்தத்தை அடியாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடல்மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 27 அடிக்குச் சமம். 1008-க்கு மாற்றாமல் 1013-இலேயே விட்டால் முள் நிஜ உயரத்தைவிடச் சுமார் 135 அடி கூடுதலாகக் காட்டும். மேகத்துக்குள் இறங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

இப்போது குமிழை ஒரு ‘கிளிக்’ திருகுகிறீர்கள். அர்டுயினோ அதை உணர்ந்து மொபிஃப்ளைட்டுக்குச் சொல்கிறது. அது சிம்கனெக்ட் வழியாக ‘அழுத்த அளவைக் கூட்டு’ அல்லது ‘குறை’ என்ற கட்டளையை அனுப்புகிறது. சிமுலேட்டர் புதிய உயரத்தைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகிறது. பிறகுதான் முள் நகர்கிறது. கூட்டிக் குறைக்காமல் நேரடியாக ஒரு எண்ணைக் கொடுக்கவும் கட்டளை உண்டு. ஆனால் அது ஹெக்டோபாஸ்கலைப் பதினாறால் பெருக்கிக் கேட்கும். 1008 வேண்டுமென்றால் 16128 என்று அனுப்ப வேண்டும். ஏன் பதினாறு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், பெருக்கிவிட்டுப் போங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. சிமுலேட்டரிடம் உயரம் என்று இரண்டு எண்கள் உண்டு. ஒன்று விமானம் நிஜமாக இருக்கும் உயரம், மற்றது கருவி காட்ட வேண்டிய உயரம். முதலாவதை முள்ளோடு இணைத்துவிட்டால் பறக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். குமிழைத் திருகும்போது மட்டும் முள் அசையாது. கம்பியைக் கழற்றி மாட்டுவதற்கு முன் எந்த உயரத்தைக் கேட்டிருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.

குமிழுக்கு அடியில் இருப்பது ரோட்டரி என்கோடர். ஃபேன் ரெகுலேட்டர் போல ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முட்டி நிற்காது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும். உள்ளே இரண்டு தொடுமுனைகள் சற்றே முன்பின்னாக அமைந்திருக்கும். எது முந்தித் தட்டுகிறது என்பதை வைத்தே வலமா இடமா என்று அர்டுயினோ கண்டுபிடிக்கிறது. மலிவாகக் கிடைக்கும் கேஒய்-040 வகையில் ஒரு சுற்றுக்கு 20 கிளிக். விமானம் செல்ல வேண்டிய திசையைக் கிளிக்குக்கு ஒரு பாகை என்று மாற்றினால், முழு வட்டத்துக்கு 18 சுற்று திருக வேண்டும், விரல் வலித்துவிடும். அதனால் மெல்லத் திருகினால் ஒரு பாகை, விரைந்து திருகினால் பத்து பாகை என்று மொபிஃப்ளைட்டில் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாத பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

முள்ளை நகர்த்தப் பலரும் முதலில் வாங்குவது பொம்மை விமானங்களில் வரும் சர்வோ மோட்டார். அது பொதுவாக 180 பாகைதான் திரும்பும், சத்தமும் போடும். அதைவிடக் கார் டேஷ்போர்டு முட்களுக்கென்றே செய்யப்பட்ட எக்ஸ்27 ஸ்டெப்பர் மோட்டார் எவ்வளவோ மேல். அது 315 பாகை திரும்பும். ஒவ்வொரு படியும் பாகையில் மூன்றில் ஒரு பங்கு, ஆக மொத்தம் 945 படிகள். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தானாகத் தெரியாது. எனவே ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் பின்பக்கமாக ஓடி முட்டி நின்று, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். வேகமானிக்கு இது போதும். உயரமானி முள்ளோ ஆயிரம் அடிக்கு ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், முட்டி நிற்கக் கூடாது. அதற்குத் தடையில்லாத மோட்டாரும், பூஜ்ஜியம் எங்கே என்று காட்ட ஒரு உணரியும் வேண்டும்.

வேகமானியில் வேறு ஒரு வேலை காத்திருக்கிறது. அதன் டயலில் கோடுகள் சம இடைவெளியில் இல்லை. வேகத்தை ஒரே எண்ணால் பெருக்கி மோட்டாருக்கு அனுப்பினால் ஓரிடத்தில் சரியாக இருக்கும், மற்ற இடங்களில் பொய் சொல்லும். 40 நாட், 60 நாட், 80 நாட் என்று ஒவ்வொரு கோட்டிலும் முள்ளை நிறுத்தி, அதற்கு எத்தனை படி என்று அட்டவணை போட வேண்டும். இடைப்பட்டதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். மாலை முழுவதும் பிடிக்கிற வேலை. ஆனால் மோட்டாரின் விலையைவிட இந்த அட்டவணையில்தான் கருவியின் நேர்மை இருக்கிறது.

மோட்டார்களை அர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து ஓட்டலாமா? எக்ஸ்27 ஒன்றிரண்டு ஓடும். சர்வோவை ஓட்டினால், அது இழுக்கும் இழுப்பில் அர்டுயினோ அணைந்து அணைந்து எழும். தனி மின்சாரம் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

சுவிட்ச் எளிது என்று நினைப்போம். சிமுலேட்டர் திறக்கும்போது விமானம் என்ஜின் ஓடிக்கொண்டு, விளக்குகள் எரிந்துகொண்டு ஓடுதளத்தில் நிற்கும். உங்கள் பலகையில் விளக்குச் சுவிட்ச் கீழே கிடக்கும். சுவிட்சுக்கு ‘நிலையை மாற்று’ என்ற கட்டளையைக் கொடுத்திருந்தால், மேலே தட்டியதும் எரிகிற விளக்கு அணையும். அன்று முழுவதும் எல்லாம் தலைகீழ். அதனால் மேலே தட்டினால் ‘போடு’, கீழே தட்டினால் ‘அணை’ என்று இரண்டு தனிக் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும்.

முட்களே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஏர் மேனேஜர் போன்ற மென்பொருள் டயல்களைப் பழைய மானிட்டரில் வரையும். அதன்முன் வட்ட ஓட்டைகள் வெட்டிய பிளைவுட் பலகையை நிறுத்தி, குமிழ்களை மட்டும் நிஜமாக வைக்கலாம். முதல் பலகைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கை தேடுவது குமிழைத்தான். முள்ளைப் பார்ப்பதற்குத் திரை போதும்.

ஜி1000 போன்ற திரைக் கருவிகள் உள்ள விமானம் என்றால் இன்னும் சுலபம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அந்தத் திரையைச் சொடுக்கினால், அது தனிச் சாளரமாகப் பிரிந்து வரும். இழுத்து இரண்டாவது மானிட்டரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் படம் மட்டும்தான் வரும், சுற்றியுள்ள பொத்தான்களும் குமிழ்களும் வராது. அவற்றை நீங்கள்தான் செய்து, ஒவ்வொன்றுக்கும் கட்டளையை இணைக்க வேண்டும்.