வெறும் தரை என்று நினைத்து வண்டியை இறக்காதீர்கள்

ஜெய்சல்மேருக்குச் சுற்றுலா போகிறவர்கள் சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி செய்து, சூரியன் மறைவதைப் படம்பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே 3,162 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது பாலைவன தேசியப் பூங்கா. அதில் மணல்மேடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் பாறைத்தரை, உப்புப் படுகை, செவண் புல்வெளி. என் கண்ணுக்கு அழகு அந்தப் புல்வெளிதான்; ஆபத்தில் இருப்பதும் அதுதான்.

கானமயில் அங்கேதான் வாழ்கிறது. முன்பு தமிழகம் வரை பரவியிருந்த பறவை அது. இன்று உலகத்தில் எஞ்சியவற்றில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் பக்கத்தில்தான். கூடு கட்டாது, வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். தடம் விட்டு விலகிப் புல்லில் ஏறும் ஒரு ஜீப் போதும், அந்த ஆண்டின் குஞ்சு இல்லாமல் போக.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு தருவதும்கூட அதன்படி வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள கானமயிலுக்கு அப்படிச் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எண்ணாதீர்கள். வனத்துறை அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டியுடன், போட்ட தடத்திலேயே போங்கள். "கிட்டே கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்று ஓட்டுநர் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விதிமீறலைப் பார்த்தால் வண்டி எண்ணுடன் வனத்துறையிடம் புகார் கொடுக்கலாம். துறை அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து நேரடியாக நீதிமன்றம் போகும் உரிமையைச் சட்டம் சாதாரணக் குடிமகனுக்கும் தந்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

உங்கள் உயிரும் முக்கியம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும்; நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போகத் தகுந்த காலம். கூட வந்தவர் வெயிலில் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 112ஐ அழையுங்கள். புதரிலும் கல்லிடுக்கிலும் சுருட்டை விரியன் இருக்கும். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும்; கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கிய கூடார விடுதி, சொன்னதைத் தராவிட்டால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஊர் திரும்பிய பிறகு வழக்கும் போடலாம்: 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.