நகராட்சியின் பாஸ்வேர்டு யார் கையில்?

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் ராய்பரேலி மாவட்டத்தில் ஒரு மோசடி அம்பலமானது. சலோன் வட்டாரத்துச் சிற்றூர்களின் பெயரில், அந்த ஊர்களின் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில், பிறப்புச் சான்றிதழ்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருந்தன. யாரும் சர்வரை உடைத்து உள்ளே நுழையவில்லை. கிராம வளர்ச்சி அலுவலரின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் பொதுச் சேவை மையம் நடத்தியவரிடம் இருந்தன, அதை வைத்தே சான்றிதழ்கள் அச்சாயின என்றது போலீஸ்.

உள்ளாட்சி அலுவலகங்களின் சைபர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிறப்பு, இறப்பு, வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி என்று ஒரு குடும்பத்தின் விவரங்கள் இவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் சேர்வதில்லை. அத்தனையும் இருப்பது சில பேரின் பாஸ்வேர்டுக்குப் பின்னால். இங்கிலாந்தின் கவுன்சில்களிலும் அமெரிக்க நகராட்சிகளிலும் இதைக் காக்க மூத்த சைபர் பாதுகாப்பு ஆய்வாளர் என்றே பதவி உண்டு. நம் பக்கம் அந்த வேலை பெரும்பாலும் கணினிப் பிரிவில் இருப்பவர் தலையில் விழுகிறது. பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வேலையில் சாகசம் எதுவும் கிடையாது. யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்ற பதிவேட்டை வரிவரியாகப் பார்ப்பதே அதில் பாதி. போன மாதமே வேறு ஊருக்கு மாறுதலாகிப் போன அலுவலரின் கணக்கு அதிகாலை இரண்டு மணிக்கு உயிர் பெற்றிருந்தால், அந்த ஒரு வரி கண்ணில் பட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து போன டேட்டா என்ட்ரி ஆபரேட்டரின் கணக்கை அன்றே மூட வேண்டும். பேக்கப் எடுத்தால் போதாது. அதிலிருந்து தகவலைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வேலைகளைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் ஹாக்னி கவுன்சில் உதாரணம். 2020 அக்டோபரில் கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் அதன் கணினிகளைப் பூட்டியது. 4,40,000 கோப்புகள் முடங்கின. குறைந்தது 2,80,000 பேரின் விவரங்கள் பாதிப்புக்குள்ளாயின. வீடு வாங்கப் பேசி முடித்தவர்கள், கவுன்சில் தர வேண்டிய நிலச் சான்று வராமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். விசாரித்த பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 ஜூலையில் கண்டனம் வெளியிட்டது. அதில் சுட்டப்பட்ட குறைகளில் ஒன்று, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கணக்கு. அதற்கு எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2019 மேயில் இதே வலையில் விழுந்தது. கேட்ட தொகை 13 பிட்காயின். நகராட்சி கொடுக்க மறுத்தது. மீண்டு வர ஆன செலவும் இழந்த வருவாயும் சேர்ந்து 1 கோடியே 80 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் பில் போட முடியவில்லை, வீட்டுப் பத்திரங்கள் நகரவில்லை. பணம் கொடுக்காதது தவறா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கொடுத்திருந்தாலும் கணினிகளைத் துடைத்துப் புதிதாகக் கட்டத்தான் வேண்டியிருக்கும். மறுத்ததே சரி என்பது என் கருத்து. நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகளை ரேன்சம்வேர் பூட்டியது.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் சில கடமைகளை நேரடியாகவே வைத்திருக்கிறது. சைபர் தாக்குதல் என்று தெரிந்த 6 மணி நேரத்துக்குள், சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். ‘மேலே சொல்லிக்கொள்ளலாம், திங்கள்கிழமை பார்ப்போம்’ என்பதற்கு அதில் இடமில்லை.

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் விஷயம் இன்னும் மோசம். ஊராட்சிப் பணத்தை ஆன்லைனில் விடுவிக்கும் கையொப்பம் விரல் நீளமுள்ள அந்த யூஎஸ்பி குச்சிக்குள் இருக்கிறது. அது காலையிலிருந்து மாலைவரை கணினியிலேயே செருகிக் கிடக்கும். பின் நம்பர் மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42ஆவது பிரிவின்படி அந்தக் கையொப்பச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டியவர் யார் பெயரில் அது இருக்கிறதோ அவர்தான். சாவி பிறர் கைக்குப் போனதைச் சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்லும்வரை பொறுப்பும் அவருடையதே. ‘ஆபரேட்டர்தான் போட்டார்’ என்பது விசாரணையில் எடுபடாது. மாறுதல் உத்தரவு வந்த அன்று பீரோ சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதைப் போலவே, கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐடியில் பிறகு யாராவது நுழைந்தால் அதே சட்டத்தின் 66சி பிரிவின் கீழ் புகார் கொடுக்க அந்தத் தாள்தான் துணை. அக்குற்றத்துக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு.

பொதுமக்களுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. கசிந்த விவரம் கையில் இருந்தால் மோசடிக்காரரின் பேச்சு கச்சிதமாக இருக்கும். உங்கள் பெயர், கதவு எண், வரி விதிப்பு எண் எல்லாம் சொல்லி, ‘பாக்கி இருக்கு சார், இன்னிக்குக் கட்டலைன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிச்சிடுவாங்க’ என்பார். கூடவே வாட்ஸ்அப்பில், போனில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு ஒன்று வரும். அதை நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அங்கே போய்ச் சேரும். வரி விதிப்பு எண் தெரிந்தவர் நகராட்சிக்காரராகத்தான் இருப்பார் என்று நம்ப வேண்டாம். போனை வைத்துவிட்டு, அதிகாரபூர்வ இணையதளத்திலோ பில் கலெக்டரிடம் நேரிலோ பாக்கியைப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். வங்கிக்கும் உடனே எழுதுங்கள். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு இழப்பு இல்லை என்று 2017இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை ஆன நஷ்டம் உங்கள் தலையில். அதற்குப் பின் போனது வங்கியின் கணக்கில். ஆகவே வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தாமதித்தாலும் அதற்கு விலை உண்டு. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்குப் பயந்தால், ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம்.

இழப்பீடு வேண்டுமா? மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி தீர்ப்பு அலுவலர். 5 கோடி ரூபாய்வரையிலான கோரிக்கைகளை அவரிடமே கொண்டுபோகலாம். போலி மின்னஞ்சலில் ஏமாந்த ஒரு வாடிக்கையாளருக்கு வங்கி இழப்பீடு தர வேண்டும் என்று 2010இலேயே தமிழ்நாட்டின் தீர்ப்பு அலுவலர் உத்தரவிட்டிருக்கிறார். ஆனாலும் இந்த வாசலைத் தட்டுபவர்கள் குறைவு.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை அதிகம் நம்ப வேண்டாம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, நல்லதுதான். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம்; அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இன்னும் தகவல் உரிமைச் சட்டம்தான். செர்ட்-இன் அமைப்புக்கு 2023 நவம்பரில் அதிலிருந்து விலக்குக் கிடைத்துவிட்டது. உங்கள் நகராட்சிக்குக் கிடையாது. தொழில்நுட்ப விவரம் கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள். அதனால் தேதிகளை மட்டும் கேளுங்கள். இணையதளம் கடைசியாக எப்போது பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட்டது? செர்ட்-இன் பட்டியலில் உள்ள நிறுவனமா செய்தது? மாறுதலான ஊழியர்களின் கணக்குகளை மூடுவதற்கு எழுத்து உத்தரவு உண்டா, என்ன தேதியிட்டது? பேக்கப்பை மீட்டுப் பார்த்த கடைசித் தேதி எது? விண்ணப்பத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.