வீட்டிலேயே ஒலிப்பதிவு – 6: ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்

அறை தயார். இனி கம்ப்யூட்டர். மதுரையில் அசெம்பிள் செய்து தரும் கடைகளில், நாம் கேட்காமலேயே ஒரு விண்டோஸைப் போட்டு, ஆன்டிவைரஸ், வீடியோ பிளேயர் என்று வரிசையாக ஏற்றிக் கொடுப்பார்கள். நல்லெண்ணம்தான். ஆனாலும் "எதையும் ஏற்றாமல் கொடுங்கண்ணே" என்று சொல்லி வாங்குங்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி? முதலில் பதிவாகிவிட்ட நாகஸ்வரத்தை ஹெட்போனில் கேட்டபடி ஒருவர் தவில் வாசிக்கிறார் என்று வையுங்கள். அவருடைய அடி மைக், இன்டர்ஃபேஸ் வழியே கம்ப்யூட்டருக்குள் போய், பஃபர் என்ற தற்காலிகக் கிடங்கில் சேர்ந்து, அவர் காதுக்குத் திரும்ப வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 1,024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 21 மில்லிசெகண்ட், போய்வர 43. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஆக, மடியில் இருக்கும் தவில் 50 அடி தள்ளியிருந்து ஒலிப்பதுபோல இருக்கும். ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். காலம் கூடக் கூடக் கை தடுமாறிவிடும். பஃபரை 128-க்கு இறக்கினால் போய்வர ஐந்து மில்லிசெகண்டைச் சற்றே தாண்டும்; இன்டர்ஃபேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவரைக் கேட்கிற தாமதம்தான் அது.

ஆனால் பஃபர் சிறுத்தால், 2.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஆபரேட்டிங் சிஸ்டம் தவறாமல் வந்து கவனித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வைஃபை டிரைவரோ ஆன்டிவைரஸோ இழுத்து வைத்துக்கொண்டால் பதிவில் 'டிக்' என்று ஒரு சத்தம் விழும். நல்ல தீர்மானத்தின் நடுவில்தான் அது விழும்!

எந்த சிஸ்டம் என்பதை உங்கள் வாத்தியங்களை வைத்து முடிவு செய்யுங்கள். வீணையையும் தபேலாவையும் கான்டாக்ட் என்ற சாஃப்ட்வேரில் ஏற்றி வாசிப்பவருக்கு லினக்ஸ் ஒத்துவராது. அந்த சாஃப்ட்வேருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. லாஜிக் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வேண்டுமென்றால் மேக் வாங்கித்தான் ஆக வேண்டும். மற்றபடி உருமியும் பறையும் பாட்டுமாக நேரடியாகவே பதிகிறீர்களா? லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டுடியோவே போதும், காசும் மிச்சம். லினக்ஸ் கெர்னலில் நேரந்தவறாமைக்கான ரியல்-டைம் பகுதி, ஏறக்குறைய 20 ஆண்டு வெளியே காத்திருந்துவிட்டு, 2024-இல் வந்த 6.12 பதிப்பில்தான் முறையாகச் சேர்ந்தது. தனி டிரைவர் கேட்காத யுஎஸ்பி இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்கினால் சரி. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான ரீப்பர் இந்த மூன்று சிஸ்டத்திலும் ஓடும் என்பதால் பின்னால் சிஸ்டத்தை மாற்றினாலும் பழகியது வீணாகாது.

விண்டோஸ்தான் என்றால் 11-ஐப் போடுங்கள். 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ டிரைவரையே பயன்படுத்துங்கள். விண்டோஸின் சுற்றுவழியைத் தவிர்க்க ஸ்டைன்பெர்க் 1997-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது.

பிள்ளைகளும் அதே கம்ப்யூட்டரில்தான் படிக்க வேண்டும் என்ற வீடுதான் நம்மில் பெரும்பாலும். அதற்கு இரண்டு குடித்தனம்தான் வழி. நமக்கு இது புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு தந்த விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒன்றாக இருந்தன. பாஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு கதை. ஒரே டிஸ்க்கைப் பங்கு போடாமல் இரண்டு எஸ்எஸ்டி போடுங்கள்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று ரெக்கார்டிங்குக்கு. ஒன்றில் வைரஸ் புகுந்தால் இன்னொன்றை மட்டும் செருகிவைத்து வேலையைப் பார்க்கலாம். பதிவுகளுக்கு மூன்றாவதாக ஒரு டிஸ்க். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மைக் ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி எடுக்கும். ஆறு மைக் வைத்த கச்சேரிக்கு மணிக்கு 3 ஜிபிக்கு மேல் போகும்.

ரெக்கார்டிங் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும், குளோன்ஜில்லா கொண்டு அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டு, நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் பாட்டு முடித்துத் தர வேண்டிய வாரத்தில் எந்த அப்டேட்டும் வேண்டாம். மாதாந்திர மின்தடைக்கு ஒரு யூபிஎஸ் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

(அடுத்த வாரம்: மைக்)