70 வளைவும் ஒரு பேட்டரியும்

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். எண்பதுகளில் அதே வளைவுகளில் பேட்டரிகள் பஸ் ஏறி இறங்கின. மிளகு மூட்டைக்கும் அன்னாசிக் கூடைக்கும் நடுவே, ஆசிட் சிந்திவிடக் கூடாதென்று சாக்கு சுற்றி நிமிர்த்தி வைத்த லாரி பேட்டரி. மின்கம்பி எட்டாத மலைச் சிற்றூருக்கு மின்சாரம் அப்படித்தான் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குச் சும்மாடு வைத்துத் தலைச்சுமை.

நாமக்கல் லாரிகளின் ஊர். லாரியில் ஓடித் தேய்ந்து, இன்ஜினைக் கிளப்பத் திராணி போன பேட்டரி அங்கே மலிவாகக் கிடைக்கும். விளக்குக்கும் டிவிக்கும் அந்த மிச்ச உயிர் போதும் என்பது அன்றைய கணக்கு.

அந்த டிவி 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம். பெட்டி ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால், மூன்று மணி நேரப் படத்துக்கு நாலரை ஆம்பியர்-மணி செலவு. 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது சின்னத் துண்டுதான். ஆனாலும் விளம்பரம் வந்தால் பட்டனைத் திருகி அணைக்கிற கை இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் யாரோ சுமந்து வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சார்ஜ் இறங்கினால் படமே சொல்லிவிடும்: நாலு பக்கமும் சுருங்கி, நடுவில் கைக்குட்டை அளவுக்கு வந்து நிற்கும். மறுநாள் பேட்டரி கீழே போகும்.

கீழே சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்துச் சார்ஜ் கடைகளில் பேட்டரிகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு கோத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சார்ஜர். மூடிகளைத் திறந்துவிட்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் நிதானமாக ஏற்றுவார்கள். காலையில் கொடுத்தால் மறுநாள்தான் கிடைக்கும். செல்லுக்குள் குமிழி கிளம்பி "கொதிக்க" ஆரம்பித்த பிறகும் அவசரப்பட்டு எடுக்க மாட்டார்கள். ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சி கிராவிட்டி பார்ப்பார்கள். ஆறு செல்லும் 1250ஐத் தாண்டினால்தான் வயரைக் கழற்றுவது. அந்தக் கொதிப்புக்கும் வேலை உண்டு. அடியில் தங்கிவிட்ட கனத்த ஆசிட்டைக் கலக்கி மேலே கொண்டுவரும்.

பழைய காலத்தைப் புகழ்ந்து மட்டும் போக முடியாது. லாரி பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகள் பெரிய வேகத்தில் மின்சாரம் கொட்டி இன்ஜினைக் கிளப்பத்தான் அவற்றைச் செய்கிறார்கள். அதை மெல்ல மெல்ல அடிமட்டம்வரை உறிஞ்சி, பஸ் வராத மழை வாரத்தில் காலியாகவே மூலையில் வைத்தால், தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது.

அதற்கு மாற்றான, கனத்த தகடு உள்ள டியூப்லர் பேட்டரியைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியது மின்வெட்டு. 2012ல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத மாவட்டங்கள் இருந்தன. இன்வெர்ட்டர் இல்லாத கடை தெருவில் அபூர்வம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 2011ல், அரசின் சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியது. 300 சதுர அடி வீடு, கூரையில் சோலார் பலகை, ஐந்து சிஎஃப்எல் விளக்கு. கொல்லிமலையிலும் கம்பி வந்துவிட்டது. ஆனால் தனித்திருக்கும் தோட்ட வீட்டுக்கும், மரம் விழுந்து லைன் அறுந்த ராத்திரிக்கும் பேட்டரிதான் துணை.

எனக்கு ஆதங்கம் இங்கேதான். சூரியனே கூரைக்கு வந்துவிட்ட பிறகு பேட்டரி நீண்ட நாள் வாழ வேண்டாமா? 150 ஆம்பியர்-மணி டியூப்லரில் 1,800 வாட்-மணி இருக்கும். பாதிதான் எடுக்க வேண்டும், ஆக 900. ஒரு 100 வாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 400 தரும். மூன்று எல்இடி விளக்கும் ஒரு டிவியுமே ராத்திரியில் 350ஐத் தின்றுவிடும். ஆக வெயில் காலத்தில் வரவும் செலவும் கட்டிப் புரள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மலையை மூடுபனி மூடினால் வரவு கால்வாசியாகிவிடும். பேட்டரி உடனே சாகாது, தினமும் அரைவயிற்றோடு தூங்கும். ஈய பேட்டரியை அதிக உழைப்பைவிட இந்த அரைப்பட்டினிதான் அதிகம் கொல்கிறது. தலையில் சுமந்த காலத்தில் அது கடைக்குப் போனபோதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டு வந்தது. இன்று நாள்தோறும் சாப்பிடுகிறது, ஒருநாளும் நிறைவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கடைக்காரர்கள்கூட அதிகம் பேசாதது. குளிரில் ஈய பேட்டரிக்குச் சற்று அதிக வோல்ட் வேண்டும். 25 டிகிரியில் 14.4 வோல்ட்டில் நிறையும் பேட்டரிக்குச் சமவெளியின் 40 டிகிரி அறையில் 14 போதும். மார்கழி மலைக்குளிரில் 14.7 தேவை. சமவெளிக்கு முறுக்கி வைத்த சார்ஜரை அப்படியே மலைமேல் செம்மேட்டில் மாட்டினால் கடைசி வாய் சோறு இறங்காமலே நின்றுவிடும். வெப்பம் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் கன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. கேட்டு வாங்க வேண்டும். பனிக்காலத்தில் மாதத்துக்கு ஓரிரு முறை ஈபி கரண்டிலோ ஜெனரேட்டரிலோ முழு சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்ட் வாட்டர் மட்டத்தையும் பார்த்துவிட்டால், அதே பேட்டரி ஆண்டுக்கணக்கில் கூட வரும். மலைக்குளிர் அதன் ஆயுளுக்கு நல்லதுதான்.

இப்போது லித்தியம் வந்திருக்கிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு அரைவயிறு பிரச்சினையே இல்லை. சொல்லப்போனால் அதுதான் அதற்குச் சுகம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். இருப்பில் எண்பது சதவீதம்வரை எடுத்தாலும் ஆயிரக்கணக்கான முறை திரும்ப நிறையும். 150 ஆம்பியர்-மணி டியூப்லரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பெட்டி பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். விலை மட்டும் இன்னும் கடிக்கிறது. கடைசிவரை வோல்ட் இறங்காமல் நின்று திடீரென்று அணைந்துவிடுவதால், சுருங்கும் படம் போன்ற முன்னறிவிப்பும் இல்லை. போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணிக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டத்தான் வேண்டும்.

வேனையே வீடாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இந்தப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்து அதற்கு நேராக வயர் இழுப்பது ஆபத்து. பெட்டி வெறிகொண்டு இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவே அளந்து கொடுக்கும் 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்றை வைப்பார்கள். காரவள்ளியிலிருந்து மலைமேல் சோளக்காடு ஏற ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 70 வளைவும் முடியும்போது 30 ஆம்பியர்-மணி உள்ளே போயிருக்கும். அந்தப் பழைய கறுப்பு வெள்ளை டிவியில் அது ஆறு ஞாயிற்றுக்கிழமைப் படம்.