படகு கிடையாது, ரைடு கிடையாது... வேடந்தாங்கல் ஏரிக்கு ஏன் போகணும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாலே, 'எங்கயாவது போயிட்டு வரலாமா?' என்ற மெசேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். ஏற்காடு, கொடைக்கானல் என்றால் பயணத்திலேயே பாதி லீவு கரைந்துவிடும். வந்த அலுப்பு தீர இன்னொரு லீவு வேண்டும்! சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில், காலையில் போய் மதியம் வீடு திரும்பிவிடக்கூடிய ஏரி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட டூரோடு பலரும் மறந்துபோன வேடந்தாங்கல்தான் அது.

அங்கே என்ன இருக்கு?

சுமார் 30 ஹெக்டேர் ஏரி, கரையோரம் நடைபாதை, ஒரு பார்வைக் கோபுரம். அவ்வளவுதான். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைப் பார்ப்பது மட்டுமே வேலை. அதனால்தான் அது ஓய்வு.

வர்ண நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் என ஒவ்வொன்றாக அடையாளம் காண ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

எல்லாம் வெளிநாட்டுப் பறவைகளா?

இல்லை. இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவைதான் குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை.

ஏன் இந்த ஏரிக்கு மட்டும்?

சுற்றியுள்ள விவசாயிகள்தான் காரணம். பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்த நீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிறது. அதனால், வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். நாட்டின் மிகப் பழமையான நீர்ப்பறவைகள் சரணாலயங்களில் ஒன்றான இது, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது.

பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக இன்றும் ஊர்மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் பறவை பயந்து பறந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் தனியாக மாட்டிக்கொள்ளும். ஒரு ஊரே பண்டிகையில் விட்டுக்கொடுத்துக் காப்பாற்றும் அமைதியை, செல்ஃபிக்காகக் கைதட்டிக் கலைத்துவிடலாமா?

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். மழை பொய்த்த வருஷங்களில் பறவைகளின் வரத்தும் குறைந்துவிடும். அதனால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலையில் சீக்கிரம் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் பல பறவைகள் இரை தேடி வயல்வெளிப் பக்கம் போய்விடும். சாயங்காலம் அவை கூட்டமாகத் திரும்புவதும் அழகுதான். ஆனால், ஞாயிறு மாலை ஜிஎஸ்டி சாலை டிராஃபிக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

காரிலோ பைக்கிலோ போகிறவர்கள் ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டுச்சாலையில் திரும்ப வேண்டும். மின்சார ரயிலில் செங்கல்பட்டு வரை போய், அங்கிருந்து பஸ்ஸிலும் போகலாம்.

கையில் என்ன வேண்டும்?

பைனாகுலர், தொப்பி, தண்ணீர் பாட்டில். பளிச்சென்ற கலர் சட்டை வேண்டாம். டிரோன், ஸ்பீக்கர் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போன் சைலண்டில் இருக்கட்டும். ஆபீஸ் மெயிலுக்கும் அதே விதிதான்.