ரயில் இல்லாத தீவின் பிள்ளைகளும் தண்டவாளமும்

நடு அந்தமானின் ரங்கத்தில் மட்டுமன்று, அந்தமான் நிகோபார் தீவுகளில் எங்குமே பயணிகள் ரயில் ஓடுவதில்லை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்னாள் போர்ட் பிளேயர்) டிக்லிப்பூர் வரை பாதை அமைக்கும் திட்டமும் பேச்சளவிலேயே நிற்கிறது. ஆயினும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் உறவினர் வீட்டுக்கோ மேற்படிப்புக்கோ மருத்துவத்துக்கோ கப்பலேறிச் சென்னையில் இறங்கும்போது, துறைமுகத்துக்கு எதிரிலேயே கடற்கரை ரயில் நிலையம் இருப்பதால், ரயிலை முதன்முதலாகப் பார்ப்பதும் அதன் ஆபத்துக்கு அருகில் நிற்பதும் ஒரே நாளில் நேர்ந்துவிடுகின்றன. தண்டவாளத்தை ஒட்டி வளரும் பிள்ளை பார்த்துப் பழகி அறிவதைத் தீவுப் பிள்ளைக்குக் கப்பலேறும் முன்பே சொல்லித்தர வேண்டியுள்ளது.

அதற்கான அடிப்படை ரங்கத்திலேயே உண்டு. படகைக் கயிற்றால் கட்டும் முன் ஜெட்டியில் குதிக்கக் கூடாது என்று அறிந்த பிள்ளைக்கு, ரயில் முழுமையாக நிற்கும் முன் ஏறவும் இறங்கவும் கூடாது என்பது புதிய பாடமன்று. முதலை நடமாடும் உப்பங்கழியில் நீர் அசையாமல் இருப்பதை நம்பக் கூடாது என்று உணர்ந்த பிள்ளை, ஆளரவமற்ற தண்டவாளத்தையும் நம்ப மாட்டாது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் 30 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் அவசர பிரேக்கைப் போட்டாலும் அது நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகலாம். டிங்கிப் படகைப் போல அதை ஒதுக்கவும் இயலாது. உருவம் பெரிதாக இருப்பதால் தொலைவில் அது மெதுவாக வருவதுபோலத் தோன்றுவதுதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. தீவில் ஒப்புமையே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு: பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்வதால், நின்றுகொண்டிருக்கும் சரக்குப் பெட்டியின் மேலேறிச் செல்ஃபி எடுக்கும் இளைஞரை, அவர் கம்பியைத் தொடாவிட்டாலும், நெருங்கிய அளவிலேயே அது தாக்கும்.

எனினும், பாதுகாப்பு முழுவதையும் பிள்ளைகளின் தலையில் சுமத்துவது நியாயமன்று. 2025 ஜூலை 8 அன்று கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவர் மூவர் இறந்தனர். வேனுக்குள் அமர்ந்திருந்த அவர்கள் கற்கத் தவறிய பாடம் எதுவும் இல்லை.

பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு என்பதைச் சட்டமும் காட்டுகிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், அனுமதியின்றித் தண்டவாளத்தில் நுழைவதை 147ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றமாகக் கருதுகிறது. அதே சட்டத்தின் 124ஏ பிரிவு, ஓடும் ரயிலிலிருந்து பயணி தவறி விழுதல் போன்ற ‘அசம்பாவித நிகழ்வு’களுக்கு, ரயில்வேயின் பிழை நிறுவப்படாவிட்டாலும் இழப்பீடு வழங்கச் செய்கிறது. உயிரிழப்புக்கு அத்தொகை 8 லட்சம் ரூபாய். நடைமேடைச் சீட்டு வைத்திருப்பவருக்கும் இவ்வுரிமை உண்டு என்பது பலரும் அறியாதது. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கை தள்ளுபடியாகாது என 2018இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆனால், தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபடுபவர் 124ஏ பிரிவின் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது.

ரயிலிலோ நிலையத்திலோ உதவி தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய எண் 139; வழிதவறிய குழந்தைக்கு 1098. இவ்விரண்டையும் பெற்றோர் கப்பல் புறப்படும் முன்பே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்துவிட வேண்டும்.