6 வருஷ அரியர்!

எல்லாப் பேப்பரும் க்ளியர். கடைசி செமஸ்டர்ல ஒரே ஒரு பேப்பர் மட்டும் ஒரு மார்க்ல புட்டுக்கிச்சு. அந்த வலி எப்படி இருக்கும்னு தெரியுமா பாஸ்? ஸ்பெயின்ல ஒரு ஊருக்கே தெரியும்!

லா கொருன்யா. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லான்டிக் கடலை ஒட்டி இருக்கிற ஊர். ஜனத்தொகை சுமார் இரண்டரை லட்சம்தான். ரியாஸோர் பீச்சுக்குப் பக்கத்திலேயே ரியாஸோர் ஸ்டேடியம். அங்கே ஆடுவது 'டெபோர்டிவோ' டீம். 1906-ல் ஆரம்பித்த க்ளப். ஆனால், ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போகிற லீக் கோப்பையை, இவர்கள் டி.வி-யில் பார்த்ததோடு சரி.

1994 மே 14. சீஸனின் கடைசி மேட்ச். வாலென்சியாவை ஜெயித்தால் போதும், டெபோர்டிவோதான் சாம்பியன். அங்கே பார்சிலோனா, செவில்லாவை 5-2 எனப் பந்தாடிவிட்டது. இங்கேயோ 0-0. கோல் விழவே மாட்டேங்குது! ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் டெபோர்டிவோவுக்கு ஒரு பெனால்டி. மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிற்கிறது.

யார் உதைப்பது? வழக்கமாக உதைக்கும் டொனாட்டோவை ஏற்கெனவே வெளியே அனுப்பியாச்சு. ஸ்டார் ஃபார்வர்ட் பெபெட்டோ முன்வரவில்லை. கடைசியில் பந்தைக் கையில் எடுத்தது ஒரு டிஃபெண்டர். பெயர், ஜூகிச். செர்பியாக்காரர். டீம் இரண்டாவது டிவிஷனில் கிடந்த காலத்திலேயே வந்து சேர்ந்தவர். ஓடி வந்து உதைத்தார். அதில் பெரிய வேகமில்லை. கோல்கீப்பர் கோன்சாலஸ் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ரெண்டு டீமும் 56 பாயின்ட். நேருக்கு நேர் மோதிய மேட்ச் கணக்கில் கோப்பை பார்சிலோனாவுக்கு! அதுவும் தொடர்ந்து நாலாவது முறையாக.

அதற்கப்புறம் பெபெட்டோ போனார். 1997-ல் ஜூகிச்சும் போனார். கேப்டன் ஃப்ரான், பிரேஸில்காரர்கள் மௌரோ சில்வா, டொனாட்டோ என அந்த ராத்திரியைப் பார்த்த சிலர் மட்டும் அதே ஊரில், அதே ஜெர்ஸியில் மிச்சம் இருந்தார்கள்.

இப்போ 1999-2000 சீஸனுக்கு வருவோம். கோச் இருரெட்டா. டெபோர்டிவோவின் பரம எதிரியான செல்டா டீமுக்கு கோச்சாக இருந்துவிட்டு இங்கே வந்தவர். கத்த மாட்டார், அலட்ட மாட்டார். தரமிறங்கிப்போன டெனரிஃபே டீமிலிருந்து மக்காய் என்ற நெதர்லாந்து ஃபார்வர்டை அழைத்து வந்தார்கள். மனுஷன் 22 கோல் அடித்தார். நடுவில் ஜல்மின்யா என்ற பிரேஸில் மாயாவி. மூடு இருந்தால் மேஜிக், இல்லாவிட்டால் தலைவலி! ரியல் மாட்ரிட்டை 5-2 என நொறுக்கிய மேட்ச்சில், பின்னங்காலால் பந்தைத் தன் தலைக்கு மேலேயே தூக்கிப் போட்டு டிஃபெண்டர்களைத் தாண்டினார் பாருங்கள்... இன்னிக்கு வரைக்கும் சலிக்காத வீடியோ அது.

மொத்தத்தில் 21 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி. ஆமாம், பதினோரு தோல்வி! மொத்தமே 69 பாயின்ட். 'அது டொக்கு சீஸன்பா. இவ்வளவு தோத்தும் சாம்பியனா?' என்று சிலர் இப்பவும் கலாய்ப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு சின்ன தகவல். அந்த வருஷம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு வந்த 4 டீம்களில் 3 டீம் ஸ்பெயின் டீம். ரியல் மாட்ரிட், வாலென்சியா, பார்சிலோனா. அந்த மூன்றையும் பின்னால் தள்ளிவிட்டுத்தான் இந்தச் சின்ன ஊர் மேலே வந்தது. அட்லெடிகோ மாட்ரிட் மாதிரி பெரிய தலையே இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கிய சீஸன் அது. அங்கே யாரும் யாருக்கும் பாயின்ட்டைச் சும்மா கொடுக்கவில்லை.

2000 மே 19. மறுபடியும் கடைசி மேட்ச். மறுபடியும் ரியாஸோர். எஸ்பான்யோலோடு ஒரு டிரா போதும். ஆனால், 'போதும்' என்ற வார்த்தையை நம்பி ஒருமுறை சூடுபட்ட ஊராச்சே! கேலரியில் இருந்தவர்களுக்கு வயிற்றில் என்ன ஓடியிருக்கும்?

மூணாவது நிமிஷம். காற்றில் வந்த பந்தைத் தலையால் முட்டி கோலுக்குள் அனுப்பினார் ஒருவர். யார் தெரியுமா? டொனாட்டோ! 1994-ல் பெனால்டி நேரத்தில் கிரவுண்டிலேயே இல்லாத அதே டொனாட்டோ. வயசு 37! அப்புறம் மக்காய் ஒன்று போட, 2-0. அந்தப் பக்கம் பார்சிலோனா, செல்டாவோடு டிரா செய்து 64 பாயின்டோடு நின்றுவிட்டது. ஊரே ரோட்டுக்கு வந்துவிட்டது.

லீக் வரலாற்றில் கோப்பை ஜெயித்த ஒன்பதாவது க்ளப் டெபோர்டிவோ. அதற்கப்புறம் கால் நூற்றாண்டு ஓடியும் பத்தாவதாக ஒரு புது க்ளப் வரவே இல்லை. டெபோர்டிவோவே 2011-ல் இரண்டாவது டிவிஷனுக்கும், 2020-ல் மூணாவது டிவிஷனுக்கும் சறுக்கியது தனிச் சோகம்.

சரி, ஜூகிச் என்ன ஆனார்? 2000-ல் அவர் இருந்த டீம் எது தெரியுமா... வாலென்சியா! 1994-ல் அவருடைய பெனால்டியைப் பிடித்த அதே வாலென்சியா. பழைய ஊர் கொண்டாடி முடித்த ஐந்தாவது நாள், சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ரியல் மாட்ரிட்டிடம் 0-3 எனத் தோற்று நின்றார். மனுஷன் விடவில்லை. 2002-ல் வாலென்சியா லீக் கோப்பையை ஜெயித்தபோது அந்த டீமில் ஜூகிச்சும் இருந்தார். எட்டு வருஷம் லேட்!